சூப்பர்ஜெட்டில் மூக்கு எழவில்லை: கார்பன் ஹல் வாங்கலாமா?

கார்பன் ஹல்லை (கார்பன் ஃபைபரில் செய்த வண்டியின் உடற்கூடு) இப்போதைக்கு வாங்காதீர்கள். 2008 சூப்பர்ஜெட் (யமஹாவின், நின்றபடி ஓட்டும் ஜெட் ஸ்கீ), இன்ஜின் முழு ஆர்.பி.எம். தொடுகிறது, ஆனாலும் துள்ளலில் மூக்கு எழவில்லை என்றால், பெரும்பாலும் ஹல்லுக்குள் மிதப்பதற்காக வைத்திருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறது.

யமஹா தரும் உலர் எடை சுமார் 139 கிலோ. பெட்ரோலை இறக்கிவிட்டு, மூக்கடியில் ஒரு தராசு, பின் முனையில் ஒரு தராசு வைத்து வண்டியை மட்டமாக நிறுத்துங்கள். இரண்டையும் கூட்டினால் 150ஐத் தாண்டுகிறதா? தண்ணீர்தான், கூடுதல் பாகம் எதுவும் மாட்டாதிருந்தால். எடை எந்தப் பக்கம் கூடியிருக்கிறது என்பதும் முக்கியம்: இன்ஜினருகே 10 கிலோ கூடினால் அவ்வளவு தெரியாது, அதே 10 கிலோ மூக்கிலோ வாலிலோ இருந்தால் துள்ளலில் வண்டியின் சுழற்சியே மந்தமாகிவிடும்.

ஓட்டுபவர் நிற்கும் தட்டின் திருகுத் துளைகளைப் பாருங்கள். சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) விட்டுப்போன துளையைச் சுற்றி ஃபோம் பழுப்பேறி, விரலால் அழுத்தினால் நீர் கசியும். வெயிலில் வைத்தால் காயாது, வெட்டித்தான் எடுக்கணும்.

ஒன்று மட்டும் கவனம்: ஃபோம் எடுத்த இடத்தைக் காலியாக விடாதீர்கள். மூக்கில் காற்றுப்பை கட்டாயம் வையுங்கள், இல்லாவிட்டால் இன்ஜின் அறையில் நீர் புகுந்ததும் வண்டி மூழ்கிவிடும்.