இணைப்புத் தருபவர் நமக்குத் தளம் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: எங்கள் பகுதிக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனம் ஒன்று, தான் குறிப்பிடும் சில காணொளிச் செயலிகளைப் பார்த்தால் அதை மாத டேட்டா அளவில் கழிக்கமாட்டோம் என்கிறது. நமக்குக் காசு மிச்சம்தானே? இணையச் சமநிலை என்று சொல்லி இதை ஏன் எதிர்க்கிறார்கள், ஐயா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: இந்த மாதம் உங்களுக்கு மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செயலிகளை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள், நீங்கள் அல்ல. நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தவையோ, அதனோடு கூட்டு வைத்தவையோதான் அப்படிப்பட்ட பட்டியலில் இடம்பெறும். சித்தூர் வட்டத்தில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை பாடத்துக்கு வெளியே தமிழில் எதையேனும் தேடினால், தமிழ் நூல்களை மின்னூல்களாக்கித் தன்னார்வலர்கள் 1998 முதல் நடத்திவரும் மதுரைத் திட்டத்துக்கோ, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கோ, ஆசிரியர் ஒருவர் சொந்தச் செலவில் நடத்தும் சிறு தளத்துக்கோதான் போகவேண்டியிருக்கும். இவர்களில் எவரும் பட்டியலில் இடம்பிடிக்கப் பணம் கட்டப்போவதில்லை. அப்போது திரைப்படம் பார்க்கச் செலவில்லை, படிக்கச் செலவுண்டு என்றாகிவிடும். தமிழர் சிறுபான்மையாக வாழும் மாநிலத்தில், பெரும்பான்மையோரின் விருப்பத்தை வைத்துப் பட்டியல் போடும் நிறுவனம் நம்மை நினைத்துப் பார்க்கும் என்று நான் நம்பவில்லை. ஆகவே இது மற்றவர்களைவிட எல்லையோரத் தமிழருக்கே கூடுதலாக உறைக்கவேண்டிய விஷயம்.

வாளையாரைத் தாண்டிப் பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடியில் வண்டியின் வகைக்கு ஏற்பக் கட்டணம் வாங்குகிறார்கள்; உள்ளே இருப்பது யாருடைய சரக்கு என்று பார்த்து வாங்குவதில்லை. இணைப்பு நிறுவனமும் வேகத்துக்கும் அளவுக்கும் காசு வாங்கலாம். அதற்குமேல், நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதில் அதற்கு வேலையில்லை. இதைத்தான் இணையச் சமநிலை என்கிறோம்.

இந்த உரிமை நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. 2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம் இணையவழிப் பேச்சுக்குத் தனிக் கட்டணம் அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் கைவிட்டது. மறு ஆண்டு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டபோது 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. பேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம், தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் ஏழைகளுக்கு இலவசமாகத் தருவதாகச் சொல்லி வந்தது. இத்தகைய திட்டங்களுக்கு டிராய் 2016 பிப்ரவரி 8 அன்று தடை விதித்தது. உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டா விலையை மாற்றும் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சமாக 50 லட்சம் ரூபாய் அபராதம்.

ஆகவே உங்கள் நிறுவனம் சொல்வது நீங்கள் எழுதியபடியே இருந்தால், அது விதிமீறல். செயலியின் சந்தாவை இலவசமாகத் தருவது வேறு, அதற்குத் தடையில்லை. டேட்டா கணக்கில் பாகுபாடு காட்டுவதுதான் குற்றம். எனவே அறிவிப்பை ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். பிறகு நிறுவனத்தின் புகார் மையத்தில் எழுதி, புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதன் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்.

கேள்வி: மாலை நேரத்தில் இணையம் நெரிகிறது. மருத்துவரோடு காணொளியில் பேசுபவருக்குத் திரைப்படம் பார்ப்பவரைவிட முன்னுரிமை தரக்கூடாதா?
– வாசகி, மீனாட்சிபுரம்

பதில்: நியாயமான கவலை. 2018-இல் மத்திய அரசு உரிம விதிகளில் சேர்த்த நிபந்தனை, தளங்களைத் தடுப்பதையும், வேகத்தைக் குறைப்பதையும், சிலருக்கு மட்டும் வேகம் கூட்டுவதையும் விலக்குகிறது. ஆனால் நெரிசலைச் சமாளிக்க, தேவையான அளவுக்கு, வெளிப்படையாக எடுக்கும் நடவடிக்கைக்கு இடம் விடுகிறது. குறிப்பிட்ட தரம் கட்டாயமாகத் தேவைப்படும் தனிச் சேவைகளுக்கும் விலக்கு உண்டு. நெரிசல் என்ற பெயரில் ஒரு நிறுவனத்தின் காணொளி அழைப்பை ஓடவிட்டு இன்னொன்றின் அழைப்பைத் திணறவைப்பதுதான் கூடாது. அமெரிக்காவில் காம்காஸ்ட் என்னும் இணைப்பு நிறுவனம், பயனர்கள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பிட்டோரன்ட் பரிமாற்றங்களை 2007-இல் யாரிடமும் சொல்லாமல் இடைமறித்தது. பயனர்கள் தாமே சோதித்துக் கண்டுபிடித்த பிறகு, அதுவும் நெரிசலையே காரணமாகச் சொன்னது.

அந்த நாட்டில் 2015-இல் வந்த சமநிலை விதி 2017-இல் நீக்கப்பட்டு, 2024-இல் மீண்டு, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தால் ரத்தானது. நம்முடைய பாதுகாப்பும் ஒழுங்குமுறை விதியாகவும் உரிம நிபந்தனையாகவும்தான் இருக்கிறது. நாடாளுமன்றம் இதற்கென இயற்றிய தனிச் சட்டம் அல்ல. அதுதான் எனக்குக் கவலை.

கேள்வி: பெரிய காணொளி நிறுவனங்கள் நம் ஊர்க் கம்பியை ஓசியில் பயன்படுத்துவதாகத் தொலைபேசி நிறுவனங்கள் சொல்கின்றனவே?
– வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: ஓசியில் அல்ல. அந்த நிறுவனங்கள் தம் பக்கத்து இணைப்புக்குச் செலவு செய்கின்றன; நம் பக்கத்து இணைப்புக்கு நாம் மாதந்தோறும் கட்டுகிறோம். நாம் கேட்டதால்தான் அந்தக் காணொளி நம் வீடுவரை வருகிறது. அதற்கு மூன்றாவது முறையும் காசு கேட்பது எந்தக் கணக்கு? இணைப்பு நிறுவனங்களுக்கிடையே தரவு அனுப்புபவர் பணம் கட்டவேண்டும் என்ற முறையைத் தென்கொரியா 2016 முதல் நடைமுறைப்படுத்திவருகிறது. அங்கே வலையமைப்புச் செலவு மற்ற நாடுகளைவிடப் பல மடங்கு என்று சொல்லி, அமேசானுக்குச் சொந்தமான ட்விட்ச் என்னும் நேரலைக் காணொளி நிறுவனமே 2024 பிப்ரவரியில் அந்நாட்டில் கடையை மூடியது.