துணையை இழந்த கினிப்பன்றிக்கு முயல் துணையாகுமா?

கேள்வி: எங்களிடம் இருந்த இரண்டு ஆண் கினிப்பன்றிகளில் ஒன்று போன மாதம் இறந்துவிட்டது. மற்றதற்கு இரண்டு வயது. இப்போது கத்துவதே இல்லை, மறைவிடத்தை விட்டு வெளியே வரவும் மாட்டேன் என்கிறது. துணைக்கு ஒரு முயலை வாங்கி விடலாமா? கினிப்பன்றிதான் வேண்டும் என்றால் ஆணா, பெண்ணா?

பதில்: துணை தேடும் முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கினிப்பன்றியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இறந்ததற்கு இருந்த நோய் இதற்கும் இருக்கலாம். சரியாகச் சாப்பிடுகிறதா என்று பாருங்கள். ஒரு நாள் சாப்பிடாமல் போனாலே கினிப்பன்றியின் குடல் இயக்கம் நின்று உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

உடம்பில் கோளாறு இல்லையென்றால், தனிமைதான் காரணமாக இருக்க வேண்டும். இது கூட்டமாக வாழும் பிராணி. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினிப்பன்றியைத் தனியாக வளர்ப்பதைச் சட்டமே தடுக்கிறது. நீங்கள் எவ்வளவு கொஞ்சினாலும் இன்னொரு கினிப்பன்றியின் இடத்தை நிரப்ப முடியாது.

முயலாலும் முடியாது. முயல் பின்னங்காலால் ஒரு உதை விட்டால் கினிப்பன்றிக்கு எலும்பு முறியும். முயலின் உடலில் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும் போர்டெடெல்லா என்ற பாக்டீரியா, கினிப்பன்றிக்கு நிமோனியாவைக் கொண்டுவரும். கினிப்பன்றியின் உடல் வைட்டமின் சி தயாரிக்காது, உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். முயலுக்கு அந்தத் தேவை இல்லாததால் இரண்டுக்கும் ஒரே தீவனமும் சரிவராது.

ஆணா, பெண்ணா என்றால், கருத்தடை செய்த ஆணும் ஒரு பெண்ணும்தான் என் முதல் தேர்வு. பெரும்பாலும் சண்டையில்லாமல் போகும் ஜோடி அது. ஆனால் இந்தச் சிறு பிராணிகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பழகிய மருத்துவர் வேண்டும். முடிந்த பிறகும் ஆறு வாரம் பெண்ணிடம் விடாதீர்கள், அதுவரை கருத்தரிக்க வாய்ப்பு உண்டு. கருத்தடை செய்யாமல் பெண்ணைச் சேர்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஏழெட்டு மாதத்துக்கு மேல் முதன்முறை கருவுறும் பெண்ணுக்கு இடுப்பெலும்பு விரிந்துகொடுக்காமல் பிரசவத்தில் உயிரே போகலாம். இளம் பெண்ணுக்கும் பேறு சுலபமில்லை, குட்டிகள் அவ்வளவு பெரிதாக வளர்ந்து பிறக்கின்றன.

அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்றால் பால் மறந்த சின்ன ஆண் குட்டி ஒன்றைப் பாருங்கள். வளர்ந்த ஆண்கள் குட்டியைச் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும். சில மாதங்களில் அது வாலிப வயதுக்கு வரும்போது உரசல் தொடங்கலாம், அப்போது இடம் தாராளமாக இருக்க வேண்டும். 120 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம் என்பது குறைந்தபட்சம், இரண்டு ஆண்களுக்கு அதைவிடப் பெரிதாகவே வையுங்கள். பக்கத்தில் எங்கும் பெண் இருக்கக் கூடாது. அப்புறம், விற்பவர் ஆண் என்று சொன்னதை அப்படியே நம்பாமல் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இதில் தவறு நடப்பது சகஜம்.

புதிதாக வந்ததை இரண்டு, மூன்று வாரம் தனி அறையில் வைத்து உண்ணி, படை, சளி இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு இரண்டுக்குமே பழக்கமில்லாத இடத்தில் உலர்புல்லை நிறையக் குவித்து, அங்கே சந்திக்க விடுங்கள். மறைவிடம், தண்ணீர், தீனித்தட்டு எல்லாம் இரண்டிரண்டு வேண்டும். மறைவிடத்துக்கு இரண்டு வாசல் இருக்கட்டும், ஒன்று மற்றதை உள்ளே மடக்கிப்போடாது.

அடித்தொண்டையில் உறுமி இடுப்பை ஆட்டுவது, துரத்துவது, மேலே ஏறுவது எல்லாம் யார் பெரியவர் என்று முடிவுசெய்யும் முறைதான். அதற்காகப் பிரித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பல்லை விடாமல் நறநறவென்று கடித்து, முடி சிலிர்த்து, பாய்ந்து கட்டிப் புரண்டாலோ, ரத்தம் வந்தாலோ உடனே பிரித்துவிடுங்கள். வெறுங்கையை நுழைக்காதீர்கள், தடித்த துண்டை மேலே போட்டுத் தூக்குங்கள். பல முறை முயன்றும் ஒத்துப்போகாவிட்டால், நடுவே கம்பித் தடுப்பு வைத்து அடுத்தடுத்து வளர்க்கலாம். ஒன்றையொன்று பார்க்கும், மோந்துகொள்ளும், குரல் கொடுத்துப் பேசிக்கொள்ளும்.