மாமாவின் மில்லும் கழற்றி வைத்த மூடியும்

கேள்வி: களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு நெல் மில்லில் நாலு வருடமாக நிற்கிறேன். நாள் கூலி, அறுவடைக் காலத்தில் மூட்டைக் கணக்கு. போன பெரும்போகத்தில் இரவு வேலையின்போது கூட நின்ற அண்ணனின் சாரம் பெல்ட்டில் பிடிபட்டு, அதை இழுக்கப்போய் அவருடைய வலக்கையில் இரண்டு விரல் போய்விட்டது. பெல்ட்டுக்கு மூடி உண்டு. நாங்களே கழற்றிச் சுவரில் சாத்தி வைத்திருந்தோம். முதலாளி இருபதாயிரமும் ஒரு மூட்டை அரிசியும் கொடுத்து, "உங்கட கவனயீனம்தான்" என்று முடித்துவிட்டார். மூடி இன்னும் சுவரில்தான். அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போக ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் இரண்டு நாள் கூலி வெட்டு. ஊழியர் சேமலாப நிதி (EPF) பற்றிப் பேச்சே இல்லை. முதலாளி எனக்கு மாமா முறை, எங்கள் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர். எப்படிக் கேட்பது?

பதில்: தம்பி, "நாங்களே" என்ற சொல்லைப் பேனையால் அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறீர்கள், தாளின் மறுபக்கம் தட்டுப்படுகிறது. முதலில் அந்தப் பாரத்தை இறக்குவோம்.

ஏன் கழற்றினீர்கள்? தவிட்டுத் தூசியும் மாரி ஈரமும் சேர்ந்தால் பெல்ட் வழுக்கும். வழுக்கினால் மெழுகு தடவ வேண்டும். ஒவ்வொரு தடவையும் மோட்டரை நிறுத்தி, நாலு போல்ட்டைக் கழற்றித் திரும்பப் பூட்டக் கால் மணித்தியாலம் போகும். மூட்டைக் கணக்கில் அந்தக் கால் மணித்தியாலம் உங்கள் மடியிலிருந்து போகிறது. வாசலில் நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் வரிசையாக நிற்க, உள்ளே மாமா சத்தம் போடுவார். கழற்றிய கை உங்களுடையதாக இருக்கலாம், கழற்ற வைத்த ஏற்பாடு அவருடையது. 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும், ஓடும் இயந்திரத்துக்குத் தடுப்புப் போடும் பொறுப்பை மில் நடத்துகிறவர் தலையில்தான் வைக்கிறது.

என் தகப்பனாரும் மில்லில் நின்றவர். விடியப்புறம் அவர் வெளிக்கிடும்போது அம்மா அவர் தோளிலிருக்கும் துவாயைப் பிடுங்கி வைத்துவிடுவா. அந்தப் பயம் எனக்குத் தெரியும்.

இனி எப்படிக் கேட்பது? கோயிலில் வேண்டாம். மில்லுக்குள், ஆட்கள் பார்க்க, வேண்டவே வேண்டாம். சபையில் கேட்டால் அவர் வண்ணக்கராகத்தான் பதில் சொல்வார். மார்கழிக்குள், அறுவடை நெருக்குவதற்கு முன், இரண்டு மூன்று பேராக ஒரு பின்னேரம் வீட்டுக்குப் போங்கள். மாமி இருக்கும் நேரமாகப் பாருங்கள். நம் பக்கத்தில் வீடு பெரும்பாலும் மாமியின் பேரில்தானே, அவவும் கேட்கட்டும். கையில் ஒரு விலை கொண்டு போங்கள்: போல்ட் மூடிக்குப் பதிலாக இரும்பு வலையில் பிணைச்சல் வைத்த கதவு. உங்கள் ஊர் வெல்டிங் கடையில் அளவு சொன்னால் தொகை சொல்வார்கள். "மோட்டரை நிறுத்தாமல் மெழுகு தடவ மாட்டம், நிறுத்துற நேரத்துக்குக் கூலி வெட்டக் கூடாது, மாமா." இவ்வளவுதான் பேச்சு. மற்றக் கணக்குகளை அன்றைக்கு இழுக்காதீர்கள்.

மற்றக் கணக்குகள் இல்லாமல் இல்லை. சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) அவர் இன்னும் 3 வீதம். மூட்டைக் கணக்குக்காரருக்கும் இது உண்டு. ஒரு நாளுக்கு இரண்டு நாள் வெட்டுவது வெறும் அடாத்து. நெல் குற்றும் தொழிலுக்கென்றே கூலியை நிர்ணயிக்கும் சம்பளச் சபை இருக்கிறது என்பதை மாமா அறியாமல் இருக்க மாட்டார்.

வீட்டுப் பேச்சில் காரியம் நடக்காவிட்டால் மட்டக்களப்பு தொழில் அலுவலகம். பெயரை வெளியே விட வேண்டாம் என்று கேட்கலாம். ஆனால் ஆறேழு பேர் நிற்கும் மில்லில் யார் போனது என்று மாமாவுக்கு அன்றைக்கே விளங்கிவிடும், அதை உங்களுக்கு மறைக்க மாட்டேன். அதனால்தான் தனியே போகாதீர்கள் என்கிறேன்.

விரல் போன அண்ணனுடைய விஷயத்துக்கு மட்டும் மார்கழி வரை பொறுக்க வேண்டாம். 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் விரல் இழப்புக்கும் நட்டஈடு உண்டு. அரிசி மூட்டை அதற்கு ஈடாகாது. முதலாளி "கவனயீனம்" என்று சொன்னதால் மட்டும் அந்த உரிமை போய்விடவும் மாட்டாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த டயக்னோசிஸ் கார்ட் அண்ணனிடம் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். இருந்தால் போட்டோ கொப்பி எடுத்து, மூலத்தைப் பொலித்தீன் பையில் போட்டு அலுமாரியில் வைக்கச் சொல்லுங்கள். மழை வருகிறது.