சயாம் ரயிலுக்குப் போன பூட்டன்

கேள்வி: மலேசியாவிலிருந்து என் பெரியப்பா மகன் குடும்பத்தோடு ரங்கூனுக்கு வருகிறார். எங்கள் பூட்டனாரின் தம்பியை 1943-ல் பேராக் ரப்பர் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனான். ‘பர்மாவில் செத்துப்போனார்’ என்பது மட்டும்தான் வீட்டில் தெரிந்த சேதி. மோன் மாநிலத்துத் தான்பியூசயாத் போர்க் கல்லறையில் அவர் பெயரைத் தேடிப் படையல் போட வேண்டும் என்கிறார் அண்ணன். எப்படிக் கூட்டிப்போவது? – வாசகி, சிரியம்.

பதில்: அண்ணன் டிக்கெட் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள் அம்மா, அங்கே அவர் பெயர் இருக்காது. அங்குள்ள 3,100-க்கும் மேற்பட்ட காமன்வெல்த் கல்லறைகளும் 621 டச்சுக் கல்லறைகளும் பட்டாளத்துக்காரர்களுடையவை, பெரும்பாலும் போர்க்கைதிகள். இறந்தவர்களின் விவரத்தை அவர்களுடைய அதிகாரிகள் ரகசியமாக எழுதி வைத்திருந்தார்கள், 1945-ல் ஒரு குழு பாதை நெடுகத் தேடி 10,000-க்கும் மேற்பட்ட குழிகளைக் கண்டுபிடித்தது. தோட்டத்து ஆட்களுக்குப் பேரெழுத யார் இருந்தார்கள்? தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் என்று கூலிகளில் மட்டும் 80,000 முதல் 1,00,000 பேர் வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அந்த மழைக்காலத்தில் காலரா வந்தபோது வைத்தியமும் இல்லை, கணக்கும் இல்லை.

அதைவிட முக்கியம், அவர் இந்தப் பக்கம்தான் இறந்தாரா என்பது. மலாயாவில் பிடித்தவர்களை ரயிலேற்றி சயாமில் பான்போங்கில் இறக்கிக் காட்டுக்குள் நடக்கவிட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதையில் பர்மாவுக்குள் வருவது சுமார் 110 கிலோமீட்டர்தான், இங்கே வேலைக்குப் பிடிக்கப்பட்ட கூலிகளில் பெரும்பாலோர் பர்மியர்கள். மலாயாத் தமிழர் ஒருவர்கூட எல்லை தாண்டவில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் கூடுதல் வாய்ப்பு சயாம் பக்கம்தான்.

அதனால் அண்ணனை முதலில் அவர் ஊர்ப் பெரியவர்களிடம் உட்காரச் சொல்லுங்கள். அதே தோட்டத்திலிருந்து போய் உயிரோடு திரும்பியவர்கள் வீட்டில் ஏதாவது ஊர்ப்பேர் மிஞ்சியிருக்கும். கின்சயோக், தார்சாவ், நீக்கே, கொன்கொய்தா என்றால் அது சயாம், காஞ்சனபுரிக்குத்தான் போக வேண்டும். தன்பாயா, அனாக்வின், அப்பலோன் என்று காதில் விழுந்தால் பர்மா, அப்போது மோல்மீன் வழியாகத் தான்பியூசயாத் வரட்டும்.

இங்கேயே வருவதானாலும் பழைய பாதையிலேயே சயாம் வரை ரயிலில் போகலாம் என்று நினைக்க வேண்டாம், தண்டவாளத்தை எப்போதோ பிடுங்கியாகிவிட்டது. 2021-க்குப் பிறகு மோன் மாநிலத்தில் சண்டை ஓய்ந்தபாடில்லை. வண்டி எடுக்கும் முன் மோல்மீனில் இருக்கும் நம் ஆட்களிடம் நிலவரம் கேளுங்கள், குழந்தைகளை ரங்கூனிலேயே விட்டுப் போவது நல்லது. படையலை யாரோ ஒரு ஆஸ்திரேலியச் சிப்பாயின் கல்லில் வைக்காதீர்கள், பக்கத்திலேயே செட்சே கடற்கரை இருக்கிறது, திதிக்கு அது போதும்.

கேள்வி: தாத்தா பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்து பர்மாச் சண்டையில் காணாமல் போனவர். அவருக்கும் இதே கதியா? – வாசகர், பெகு.

பதில்: இல்லை. ரங்கூனுக்கு வடக்கே தௌக்கியான் கல்லறைத் தோட்டத்துத் தூண்களில் உடல் கிடைக்காத சுமார் 27,000 பேரின் பெயர்கள் இருக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் (CWGC) இணையதளத்தில் முதலில் தேடுங்கள், பலருக்குத் தகப்பன் பேரும் ஊரும்கூடப் போட்டிருப்பார்கள். தமிழ்ப் பேரை வெள்ளைக்காரன் எப்படியெல்லாம் எழுதியிருப்பான் என்று யோசித்து நாலைந்து விதமாகத் தட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும், அவர் நேதாஜி படைக்கு மாறியிருந்தால் அந்தத் தூண்களில் தேடிப் பயனில்லை.