நிற்கச் சம்பளம், உட்காரச் சட்டம்

கேள்வி (ஈரோடு வாசகர்): என் தங்கை பெரிய ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ள். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பது வரை நின்றபடியே வேலை. கால் வீங்கிப்போய் வருகிறாள். உட்காரச் சட்டம் வந்துவிட்டதாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். 2021 செப்டம்பரில், 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்றொரு பிரிவைத் தமிழக சட்டமன்றம் சேர்த்தது. கேரளா நம்மை முந்திக்கொண்டு 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. அதுவும் சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் பெண்களுக்குக் கழிப்பறையே கிடையாது, பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் சமாளித்தார்கள், அந்தக் கோபத்தில் ‘பெண்கூட்டு’ என்று ஒன்று சேர்ந்து முதலில் கழிப்பறை கேட்டு, அப்புறம் நாற்காலி கேட்டார்கள்.

ஆனால் நம்முடைய பிரிவு என்ன சொல்கிறது? கடையில் இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது ஊழியர் உட்காரலாம். அந்த வாய்ப்பு வந்ததா இல்லையா என்று முடிவு செய்பவர் யார்? ஃப்ளோர் சூப்பர்வைசர்! கஸ்டமர் இல்லையென்றால் பிரித்த சேலையை மடி என்பார், மடித்தாயிற்றா, தூசி தட்டு என்பார். ஸ்டூல் மூலையில் சும்மா கிடக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். அதே சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் பார்த்தால் அந்த நேரத்துக்கு இரண்டு மடங்கு சம்பளம். தங்கைக்கு அது வருகிறதா? சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்களா என்றும் கேளுங்கள். 10,000 ரூபாய் சம்பளத்துக்கு அவர் பங்கு 75 ரூபாய், முதலாளி பங்கு 325. அந்த 325-ஐ மிச்சம் பிடிக்கத்தான் பல கடைகளில் ஆட்களைப் பதிவேட்டிலேயே ஏற்றுவதில்லை. புகார் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் போக வேண்டும். தனியாகப் போகாமல் நான்கைந்து பேராகப் போகச் சொல்லுங்கள், தனியாகப் போனவருக்கு மறுநாள் வேலை இருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

கேள்வி (திருப்பூர் வாசகி): காண்ட்ராக்டர் எங்கள் கூலியில் தினமும் கமிஷன் பிடிக்கிறார். ‘இஷ்டமில்லையென்றால் போ, யாரும் கட்டிவைக்கவில்லை’ என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தானே?

பதில்: நியாயமே இல்லை. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு ஸ்டேடியம், மேம்பாலம் கட்டியவர்களுக்கும் இதேதான் நடந்தது. நாளுக்கு 9 ரூபாய் 25 காசு குறைந்தபட்சக் கூலி, அதில் ஆள் பிடித்து வந்த ஜமாதார் ஒரு ரூபாயை உருவிக்கொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்கிறார் என்றால் அவரைப் பசி கட்டாயப்படுத்துகிறது, ஆகவே அது அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு என்று நீதிபதி பகவதி எழுதினார். கயிறு போட்டுக் கட்டிவைக்க வேண்டிய அவசியமே இல்லை, பசி போதும். கமிஷன் போக உங்கள் கைக்கு வருவது அரசு நிர்ணயித்த கூலிக்குக் கீழே இருந்தால் இந்தத் தீர்ப்பு உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி (சென்னை வாசகர்): எங்கள் வீட்டு வேலை நடக்கும்போது பார்த்தேன், சித்தாள் பெண்கள் எல்லோருமே கடனில். சேமிக்கவே தெரியாதா இவர்களுக்கு?

பதில்: தண்டல் கணக்கு தெரியுமா உங்களுக்கு? 10,000 ரூபாய்க் கடன் என்று பெயர், கையில் கொடுப்பது 9,000. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதால், வருஷ வட்டியாகப் போட்டால் எண்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும். உங்கள் வீட்டுக் கடனுக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள்? வங்கி சம்பளச் சீட்டு கேட்கும். அதை அந்தப் பெண்ணுக்கு யாருமே கொடுத்ததில்லை, நீங்களும் உங்கள் மேஸ்திரியும் உட்பட.