சூடு ஏத்துனா சாயம் ஏன் வெரசாப் புடிக்குது?

கேள்வி: ஏனுங்க, ரியாக்டிவ் சாயம் (நூலோட வேதிப் பிணைப்புப் போடற சாயம்) 60 டிகிரில காட்டன் துணிய வெரசாப் புடிக்குது, பச்சத் தண்ணில இழுத்தடிக்குதே, ஏன்?
- சாயப்பட்டறை வாசகர், திருப்பூர்

பதில்: சாய மூலக்கூறு நூலோட மோதோணும், சும்மா உரசுனா பத்தாதுங்க, பிணைப்பு உண்டாகற அளவு எனர்ஜியோட மோதோணும், அந்தக் கிளர்வு ஆற்றலையும் சூட்டையும் சேத்து ஸ்வீடன் வேதியியலாளர் அர்ஹீனியஸ் 1889லயே சமன்பாடு போட்டுட்டாரு. வாயுல கணக்குப் பாத்தா 30லிருந்து 40 டிகிரிக்குப் போனா மோதல் எண்ணிக்கை 2 சதவீதம்கூட ஏறாது, ஆனா அந்த வரம்பத் தாண்டற எனர்ஜியுள்ள மூலக்கூறு நெறைய ஆயிருது, அதனால பல வினைகள்ல வேகம் சுமாரா ரெட்டிப்பாகுது, கெமிஸ்ட்ரில எனக்கு ரொம்பப் புடிச்ச எடமே இதுதானுங்க! அதுக்குன்னு சூட்ட இஷ்டத்துக்கு ஏத்தீராதீங்க, சாயம் பிணையறதுக்குச் சலவைச் சோடா போட்டப்பறம் சாயம் தண்ணியோடயும் வினைபுரியும், சூடு ஏறுனா அதுவும் வெரசாகும், அப்படிப் போன சாயம் நூல்ல பிணையாது, சோப்புல அலசறப்ப கலராப் போறதுல அதுவும் இருக்குதுங்க.