ஆயாவின் கூடை – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் தண்டையார்பேட்டை. காலேஜ் முடித்த கையோடு நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன டிசைன் ஏஜென்சி ஆரம்பித்தோம். இரண்டு வருஷம் ஆகிறது. லோகோ, பாக்கெட் டிசைன், இன்ஸ்டாகிராம் போஸ்ட் எல்லாம் செய்கிறோம். எங்கள் ஸ்டைலே வடசென்னைதான்: ஹார்பர் கிரேன், கேரம் போர்டு, பாக்சிங் கிளவுஸ். என் ஆயா காசிமேட்டு மீனைத் தெருத்தெருவாக விற்றவர். அவருடைய கூடைதான் எங்கள் கம்பெனி லோகோ. முதல் வருஷம் எல்லோரும் பாராட்டினார்கள். போன மாதம் பெரம்பூரில் ஒரு குழந்தைகள் டாக்டர், "நீங்க செய்யறது எல்லாம் ஒரே மாதிரி இருக்கு தம்பி" என்று வேலையைத் திருப்பிவிட்டார். எங்கள் அடையாளத்தையே மறைக்கச் சொல்கிறார்கள் என்று கோபம் வருகிறது. என் ஸ்டைலை விட்டுவிட வேண்டுமா? பெரிய கம்பெனி மீட்டிங்குக்கு நான் எப்போதும் போடும் கட்டம் போட்ட சட்டையோடு போகலாமா? சில பேர் பணத்தையும் நான்கு மாதம் இழுக்கிறார்கள்.

பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

காலேஜ் முடித்து இரண்டு வருஷம் என்றால் என் மகன் வயது. அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

பணத்தை முதலில் பேசி முடித்துவிடலாம். பாதிப் பணம் அட்வான்ஸாக வராமல் வேலையைத் தொடாதே. சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இல்லையென்றால் இந்த வாரமே செய், ஆன்லைனில் இலவசம்தான். சிறுதொழில்களுக்கான 2006 சட்டப்படி, பதிவு செய்த சின்ன நிறுவனத்துக்குத் தரவேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் இழுத்தால் வட்டியோடு தர வேண்டும். அதை பில்லிலேயே ஒரு வரியாகப் போடு. சட்டை விஷயத்தில், துவைத்து இஸ்திரி போட்டது எதுவானாலும் போட்டுக்கொண்டு போ.

ஆனால் கட்டம் போட்ட சட்டை என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அந்தத் துணிக்கு உலகம் முழுக்க 'மெட்ராஸ்' என்றுதான் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் 1639-ல் இந்தக் கடற்கரைக்கு வந்ததே துணிக்காகத்தான். அந்தத் துணியை வெளுத்தவர்கள் இருந்த இடம் என் வண்ணாரப்பேட்டை. இன்று மெட்ரோ ஸ்டேஷனாக இருக்கும் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடிவைத்த ஊர். காலட் பேட்டைதான் காலடிப்பேட்டை ஆனது. 1950களின் கடைசியில் அந்தக் கட்டம் போட்ட துணி அமெரிக்கா போனது. துவைத்தால் சாயம் போகிறது என்று அங்கே புகார் கிளம்பியது. விளம்பரக்காரர்கள் அதையே திருப்பிப் போட்டு, 'சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்' என்று விற்றார்கள்.

உன் தொழிலில் இருப்பவர்கள் இந்தக் கதையை அந்த விளம்பர வரிக்காகச் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது சாயம் போட்டவர்தான். 'சாயம் போவதுதான் நம் ஸ்டைல்' என்று அவர் உட்கார்ந்து யோசிக்கவில்லை. தொட்டியில் இருந்த சாயத்தின் குணம் அது. ஒவ்வொரு துவைப்பிலும் கட்டம் கொஞ்சம் கரைந்து பக்கத்து நிறத்தோடு சேர்ந்தது, அவ்வளவுதான்.

உன் கடிதம் வந்தபோது நான் என் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடை போர்டு எழுதியவர். போன மாதம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு கடையின் ஃபிளக்ஸ் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. பின்னால் பழைய தகர போர்டு. பாதி எழுத்துதான் தெரிந்தது, ஏதோ டெய்லர் கடை. கீழ் மூலையில் ஆர்ட்டிஸ்ட் பெயர் இருக்கவேண்டிய இடம் துருப்பிடித்துப் போயிருந்தது. ஆனால் ஒரு 'ள' தெரிந்தது. அதன் சுழி நுனியில் மெலிந்து, மயிரிழை போல முடிந்திருந்தது. அது அப்பா கை. கூட்டத்தின் நடுவே அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த நுனி எப்படி வந்தது தெரியுமா? அப்பா வேலை கற்றுக்கொண்ட இடத்தில் பெயிண்ட்டை அளந்துதான் கொடுப்பார்களாம். பிரஷ்ஷை இன்னொரு தடவை முக்கினால் திட்டு விழும். அதனால் ஒரு எழுத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே தொட்டு, கடைசிச் சுழியில் பெயிண்ட் தீரும்படி இழுக்கப் பழகினார். பிறகு சொந்தமாக வேலை எடுத்து, டப்பா டப்பாவாக எனாமல் வாங்கியபோதும் கை அப்படியே இருந்தது.

நான் ஸ்கூல் லீவில் கூடப் போவேன். நூலில் சாக்பொடி தேய்த்து, ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை அவர் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் தகரத்தில் நேர்கோடு விழும். இடது கையில் துணிப்பந்து கட்டிய குச்சி, அதன்மேல் வலது மணிக்கட்டு. ஆனால் பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன் எதிர் பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து கடையைப் பார்ப்பார். யார் வருகிறார்கள், முதலாளி எப்படிப் பேசுகிறார், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது. இரும்புக்கடைக்குத் தடித்த கட்டை எழுத்து, வலது கீழே நிழல். பால் கடைக்கு உருண்டை எழுத்து. எந்த போர்டும் இன்னொன்றைப் போல இருக்காது. எல்லாவற்றிலும் அந்த நுனி மட்டும் இருக்கும்.

இப்போது உன்னைத் திட்டப் போகிறேன். ஒரு குழந்தைகள் டாக்டருக்குப் பாக்சிங் கிளவுஸ் எதற்கு? காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் அம்மாவின் கண்ணில் முதலில் படுவது அதுவா? நீ அந்த கிளினிக்கில் பத்து நிமிஷமாவது உட்கார்ந்தாயா? கிரேனும் கேரமும் ஏரியாவில் எல்லோர் கண்ணிலும் படுபவை. தென்சென்னையிலிருந்து ஒருநாள் கேமராவோடு வருகிறவனும் அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறான். நீ இங்கேயே பிறந்து வளர்ந்தவன். அவனுக்குத் தெரியாத ஒன்றாவது உன் வேலையில் இருக்க வேண்டாமா? டாக்டர் உன் அடையாளத்தை மறைக்கச் சொல்லவில்லை. தனக்கு வேலை செய்யச் சொன்னார். நீ உன்னையே வரைந்து கொடுத்துவிட்டாய்.

கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். "வீடு எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மாறுவதை நானும் பார்த்திருக்கிறேன். 22 வயதில் ஒரு இன்டர்வியூவில் தண்டையார்பேட்டை ஹை ரோடு என்றேன்; அதற்கப்புறம் ஒரு கேள்விகூட வரவில்லை. அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். எங்கள் ஊரைச் சத்தமாகச் சொல்லியே தீருவேன் என்று நீ கிளம்பியிருப்பது எனக்குப் பெருமைதான். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆனால் அந்தக் கூடை என்னைத் தூங்கவிடவில்லை. ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட அதை உன் ஆயா தலையில் சுமந்திருப்பார். சும்மாடு வைத்தாலும் கழுத்து நோகும். லோகோவாகப் போடுவதற்கு முன் அவரிடம் கேட்டாயா? அதை உன் விசிட்டிங் கார்டில் பார்த்தால் அவருக்குச் சந்தோஷமா, சங்கடமா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது, அதுவும் கூடைக்காக. எந்தத் தெருக்களில் விற்றார், கூவும்போது குரல் எப்படி இருக்கும், கடன் கணக்கைச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்தாரா, மனசிலேயே வைத்திருந்தாரா? இதெல்லாம் உனக்குத் தெரியுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, கடைகள் திறப்பதற்கு முன், எம்.சி. ரோட்டுக்கு வா. அந்த 'ள'வைக் காட்டுகிறேன். புது ஃபிளக்ஸ் மாட்டுவதற்குள் வா. வருவதற்கு முன் ஆயாவிடம் கேட்டுவிட்டு வா.

அன்புடன்,
அக்கா